திணை வழு

1

தமிழ் இலக்கியத்தில் நாய்க்கு நாயாக இருக்க அதிகம் வாய்ப்புக் கிடைத்ததில்லை. மாணிக்கவாசகர் தம்மை நாயேன் என்று சொல்லிக்கொள்ளும் இடங்களில் தாழ்மை இருக்கிறது, உருக்கம் இருக்கிறது. ஈர மூக்கும் நாலு காலும் கொண்ட ஒரு பிராணி இல்லை. பைரவருக்குப் பக்கத்தில் நிற்பது வாகனம். மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில், தம்பிகளும் மனைவியும் வழியில் ஒவ்வொருவராக விழுந்துவிட, தருமன் கூடவே கடைசி வரை நடந்து வருவது ஒரு நாய்தான். அதை விட்டுவிட்டு வருவதானால் சொர்க்கமே வேண்டாம் என்கிறான் தருமன். மனிதன் ஒரு மிருகத்துக்காக எடுத்த நிலைகளில் இதைவிட உயர்ந்தது இல்லை. அடுத்த கணமே அந்த நாய் தர்ம தேவதையாக மாறிவிடுகிறது. நாயாகவே அது உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

புதுக்கவிதை வந்து இந்த நிலையைப் பெரிதாக மாற்றிவிடவில்லை. வாகனம் போய்ப் படிமம் வந்தது. நள்ளிரவில் குரைக்கும் நாய், குப்பைத் தொட்டி நாய், சாலையில் அடிபட்டுக் கிடக்கும் நாய் எல்லாமே நகரத்தின் தனிமையையோ மனிதக் குரூரத்தையோ கவிஞரின் அன்றைய மனநிலையையோ சுமந்துகொண்டுதான் வருகின்றன. வெளியிலும் இப்படித்தான். காஃப்கா 1922இல் எழுதிய கதையில் நாய் தத்துவ விசாரணையில் இறங்குகிறது. நாம் அந்த விசாரணையைத் தொடர்கிறோம், நாயை மறந்துவிடுகிறோம். இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஒன்றை இன்னொன்றாகப் பார்ப்பது இலக்கியத்தின் இயல்பு. ஆனால் ஒரு நோயாளி நாயை வீட்டில் வைத்து 28 நாட்கள் பார்த்துக்கொள்ள நேர்ந்தவனுக்கு இந்த வசதி கிடையாது. அது எதற்கும் குறியீடாக இருக்கச் சம்மதிப்பதில்லை. மாத்திரையைத் துப்பிவிடுகிறது.

2

நான் இருப்பது லாஸ்பேட்டை. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு கவர்னராக இருந்த லா என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் இந்தப் பேட்டைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது என்பார்கள். இன்று விமான நிலையம், தாகூர் கலைக் கல்லூரி, காலையில் பென்ஷன்காரர்கள் சுற்றிச்சுற்றி நடக்கிற ஹெலிபேட் மைதானம் ஆகியவைதான் இதன் அடையாளங்கள். எங்கள் தெருவில் ஆறு வருஷமாக ஒரு நாய் இருக்கிறது. பழுப்பு நிறம், நாட்டு நாய், கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காது நுனியில் ஒரு வெட்டு. தெருப் பிள்ளைகள் மணி என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் படுக்கும், எங்கள் வீட்டில் சாப்பிடும். அதனால் எங்கள் நாய் என்று ஆயிற்று. நாங்கள் வளர்த்தோம் என்று சொல்வதற்கில்லை.

2025 ஆகஸ்ட் நடுவில் அது சாப்பிடுவதை நிறுத்திற்று. முதல் நாள் யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் நாள் தட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் காலை ஒரு பக்க மூக்கிலிருந்து நூல் போல ரத்தம். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தது.

எதிர் வீட்டுப் பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊர் வழக்கில் சொல்தா. கைத்தடியால் நாயைச் சுட்டிக்காட்டி, “வெஷம் வச்சிருப்பாங்க சார். நேரம் அப்படி” என்றார். நேரம் அப்படித்தான் இருந்தது. அந்த மாதம் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் டில்லித் தெரு நாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொல்லியிருந்தது. 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்றது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் தெருவில் பேச்செல்லாம் நாய்களைப் பற்றித்தான். தெருக் கோடியில் ஒரு வீட்டில் பேரனை முந்திய வருஷம் ஏதோ ஒரு நாய் கடித்து ஐந்து ஊசி போட வேண்டி வந்தது. அவர்கள் பயத்தை அற்பமாக நினைக்க முடியாது. வெறிநாய்க்கடி நோய் கண்டுவிட்டால் பிழைப்பு அநேகமாக இல்லை. ஆனால் கவனித்தேன்: அவர்களும் சரி, அவர்களோடு சண்டை போட்ட நாய்ப் பிரியர்களும் சரி, பேசியது பன்மையில். என் வீட்டுப் பின்கட்டில் கிடந்தது ஒருமை.

விஷம் இல்லை. குரும்பாபேட்டில் உள்ள கால்நடைக் கல்லூரிக்கு, இரண்டு ஆட்டோக்காரர்கள் மறுத்து மூன்றாமவர் கால்மிதியில் சாக்கு விரித்துச் சம்மதித்ததும், ஊரைக் குறுக்கே கடந்து கொண்டுபோனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உண்ணியால் வரும் காய்ச்சல். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஆரோக்கியமான நாய்க்கு இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், இதற்கு 22,000.

இந்த நோய்க்கு ஒரு சரித்திரம் உண்டு. வெள்ளணுக்களுக்குள் புகுந்து வாழும் எர்லிக்கியா கேனிஸ் என்ற கிருமி இதற்குக் காரணம். முதன்முதலில் அதை விவரித்தவர்கள் தொனாசியான், லெஸ்தோக்கார் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், 1935இல், அல்ஜீரியாவில். அப்போது அல்ஜீரியாவும் பிரெஞ்சுக் கொடியின் கீழ், புதுச்சேரியும் பிரெஞ்சுக் கொடியின் கீழ். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் கொண்டுபோன நாய்கள், பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்டுகள், 1960களின் கடைசியில் மூக்கில் ரத்தம் வடிந்து நூற்றுக்கும் மேல் செத்தபோதுதான் ஆராய்ச்சி தீவிரமாயிற்று. எல்லா நோய்களையும் போலவே இதுவும் முக்கியமானவர்களுக்கு வந்த பிறகே முக்கியமாயிற்று. பின்கட்டில் கிடந்த நாய்க்கு இந்த வம்சாவளியால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. எனக்குத்தான் இரவில் விழித்திருக்கும்போது யோசிக்க ஏதாவது வேண்டியிருந்தது.

3

மருந்து டாக்ஸிசைக்ளின். எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்று கணக்கு. மணி 20 கிலோ. ஆகவே காலையில் 100 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, இரவில் ஒன்று, 28 நாட்கள். வெறும் வயிற்றில் கூடாது. பாலில் கலந்து கொடுக்கக்கூடாது. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரைக்குப் பிறகு தண்ணீர் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் அது உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். மனிதர்களுக்கான காய்ச்சல், வலி மாத்திரை எதையும் நாமாகக் கொடுக்கவே கூடாது.

சாப்பிட மறுக்கிற பிராணிக்கு வெறும் வயிற்றில் கொடுக்காதே என்றால், முதலில் வயிற்றை நிரப்ப வேண்டும். அரிசிக் கஞ்சியை வடிகட்டி, ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் ஏற்றி, கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நேராகத் தொண்டைக்குள் அடித்தால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒருமுறை விட்டு, விழுங்குகிறதா என்று தொண்டையைப் பார்த்து, மறுபடி. 40 மில்லி உள்ளே போக அரை மணி நேரம். பிறகு வாயைத் திறந்து மாத்திரையை நாக்கின் அடிப்பகுதியில் வைத்து, வாயை மூடிப் பிடித்து, கழுத்தை மேலிருந்து கீழாகத் தடவிக்கொடுக்க வேண்டும். நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். நக்காவிட்டால் மாத்திரை கன்னத்தில் எங்கேயோ இருக்கிறது. நாம் கையை எடுத்ததும் வெளியே வரும்.

முதல் மூன்று மாலைகளில் ஒரு கம்பவுண்டர் வந்து டிரிப்ஸ் ஏற்றினார். பின்கட்டு ஜன்னல் கம்பியில் துணிக்கொடிக் கயிற்றால் பாட்டிலைத் தொங்கவிட்டோம். காய்ச்சல் பார்ப்பது மலத்துவாரத்தில். நாய்க்கு 101லிருந்து 102.5 டிகிரி வரை சாதாரணம், இதற்கு 104.

பிறகு உண்ணிகள். காதுக்குள், விரலிடுக்கில், வாலடியில். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து உப்புத் தண்ணீரில் போட வேண்டும், விரலால் நசுக்கக்கூடாது. நாயின் மேல் இருப்பவை கொஞ்சம்தான். ரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவரில் ஏறி, விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. குஞ்சு ஒருமுறை குடித்து இறங்கித் தோலுரிக்கும், மறுபடி ஏறிக் குடித்து இறங்கும், மறுபடி ஏறும். சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்தபோது அதன் பின்னால் வரிசையாக இருந்தன. காலண்டருக்குப் பின்னால் இப்படி ஒரு சமூகம் மாதக் கணக்கில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடைத்து, சுண்ணாம்பு அடித்தோம்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதில் எந்த இடத்திலும் உணர்ச்சிக்கு வேலை இல்லை. கனிவு என்பது இங்கே மனதில் இருக்கும் ஒரு ஈரம் அல்ல. கஞ்சியின் சூடு எவ்வளவு, சிரிஞ்சின் கோணம் எப்படி என்பதுதான். அழுதுகொண்டே செய்தால் கை நடுங்கி மாத்திரை தவறிவிடும்.

4

என் மனைவி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இலக்கணம் நடத்தியவள். முதல் நாளிலிருந்தே ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுத ஆரம்பித்தாள். தேதி, நேரம், காய்ச்சல், கஞ்சி எவ்வளவு, மாத்திரை, மூத்திரம், ரத்தம். ஒரு நாள் பதிவு இப்படி இருந்தது: ‘காலை 6. காய்ச்சல் 103.4. கஞ்சி 40 மி.லி. மாத்திரை இரண்டாம் தடவையில் உள்ளே போயிற்று. மூக்கில் ரத்தம் இல்லை. எழுந்து நின்றான், இரண்டு நிமிஷம்.’

பெயரடை ஒன்றுகூட இல்லாத இந்த வசனத்தைப் படித்துக்கொண்டு வந்தபோது கடைசி வாக்கியத்தில் தட்டிற்று. நின்றான். முந்திய பக்கங்களைப் புரட்டினேன். முதல் மூன்று நாட்கள் ‘சாப்பிடவில்லை’, ‘வாந்தி எடுத்தது’ என்று ஒழுங்காக அஃறிணையில் இருந்தன. நாலாம் நாளிலிருந்து மாறிவிட்டிருக்கிறது.

பேச்சில் எல்லோரும் நாயை வாடா போடா என்றுதான் கூப்பிடுகிறோம். அதில் விசேஷம் இல்லை. ஆனால் இவள் பிள்ளைகளின் நோட்டில் இந்த மாதிரித் தவறைச் சிவப்பு மையால் சுழித்து ‘திணை வழு’ என்று ஓரத்தில் எழுதியவள். கேட்டேன். “வழு இல்ல, வழுவமைதி. நன்னூல்ல இடம் இருக்கு” என்றாள்.

இடம் இருக்கிறதுதான். பவணந்தி திணையும் பாலும் மயங்குவதற்கு ஐந்து காரணங்களை ஏற்றுக்கொள்கிறார்: உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு. மகிழ்ச்சி மிகுந்து பசுவை அம்மை என்று அழைப்பது உவப்பு. கோபத்திலும் இகழ்ச்சியிலும் மனிதனையே அஃறிணையாக்கிவிடுகிறோமே, அது செறலும் இழிப்பும். அந்த இடத்தில் நமக்கு அதிகம் உதவும் பிராணியும் நாய்தான். ஆனால் இந்த நோட்டில் நடந்தது ஐந்தில் எது என்று யோசித்துப் பார்த்தேன். உவப்பு இல்லை, அந்த வாரம் வீட்டில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை. உயர்வு, சிறப்பு என்று சொல்ல, மூத்திரத்தில் நனைந்த சாக்கின் மேல் கிடந்த பிராணியிடம் எதுவும் இல்லை. அதை உயர்த்தியோ போற்றியோ ‘நின்றான்’ என்று எழுதவில்லை. நாளுக்கு ஏழெட்டுத் தடவை ஒரு உடம்பை அளந்து, ஒவ்வொரு அளவும் முந்தியதிலிருந்து எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்ததில் விகுதி தானாக மாறிவிட்டிருக்கிறது. பவணந்தி சொல்லாத ஆறாவது காரணம் ஒன்று இருக்கிறதென்றால் அதைக் கவனம் என்று சொல்லலாம் என்று தோன்றுகிறது.

கவிதையில் நாய்க்கு நாம் கொடுக்கும் மதிப்பெல்லாம் முதல் ஐந்துக்குள் அடங்கிவிடும். நன்றியுள்ள பிராணி என்பது சிறப்பு. தெருநாய் வாழ்க்கை என்பது இழிப்பு. தர்ம தேவதை என்பது உயர்வு. ஆறாவது வகை நாற்பது பக்க நோட்டில் கிடைக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் ‘அது’ என்றே எழுதிக்கொண்டு போகிறேன். மாற்றி எழுதும் உரிமை நோட்டு எழுதியவளுக்கே உண்டு.

5

ஒன்பதாம் நாள் நிலைமை மோசமாயிற்று. சாதாரணமாக இந்த மருந்து மூன்று நாளுக்குள் வேலை செய்வது தெரிந்துவிடும். தெரியவில்லையென்றால் நோய் பழசாகி, ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையையே தொட்டுவிட்டது என்று பயப்பட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்று மலத்தில் கறுப்பாக ரத்தம் போயிற்று. தட்டணுக்கள் 14,000 ஆக இறங்கிவிட்டன. கஞ்சி கடைவாய் வழியே அப்படியே திரும்பி வந்தது.

நண்பர் ஒருவர் வந்திருந்தார். கவிதை எழுதுகிறவர். பின்கட்டில் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்ததும், “இன்னும் எதுக்கய்யா அதைச் சித்திரவதை பண்றே? ஊசி போட்டுடு. நிம்மதியாப் போகட்டும்” என்றார். அவர் சொன்னதில் அன்பு இல்லாமல் இல்லை. எதிர் வீட்டுப் பெரியவரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். ராணுவத்தில் பார்த்திருப்பார் போலும்.

அன்று இரவு சட்டத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். 1960இல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். நாம் அவரைக் கலாக்ஷேத்ராவோடு நிறுத்திக்கொண்டுவிட்டோம். மாநிலங்கள் அவையில் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவர்; 1962இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கருத்து, மிருகத்துக்குத் தேவையற்ற வலியும் வேதனையும் கொடுக்கக்கூடாது என்பது. நல்ல கருத்து. ஆனால் அந்தத் ‘தேவையற்ற’ என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. அதுவரை பதினெட்டு மாத்திரை. பதினெட்டு முறை வாயைப் பிளந்து திணித்தது. தினமும் ஊசி. இவை தேவையான வலி என்றால், யாருக்குத் தேவை?

1953இல் வெளிவந்த தத்துவ விசாரணைகளில் விட்கென்ஸ்டைன் ஒரு நாயைப் பற்றிக் கேட்கிறார். எஜமான் வாசலில் நிற்பதாக நாய் நம்ப முடியும், நாளை மறுநாள் அவர் வருவார் என்று அதனால் நம்ப முடியுமா என்று. பாஷை உள்ளவர்களுக்குத்தான் நாளை மறுநாள் உண்டு என்பது அவர் போகும் திசை. பல வருஷம் முன்பு படித்தபோது சாமர்த்தியமான கேள்வி என்று நினைத்தேன். பின்கட்டில் அது வேறு மாதிரி இருந்தது. 28 நாள் என்ற கணக்கு முழுக்க எங்களுடையது. இப்போது கசக்கிறது, இப்போது வாயைப் பிடிக்கிறார்கள், இப்போது குத்துகிறார்கள் என்பதுதான் அந்தப் பிராணியின் பக்கம். பின்னால் வரும் நன்மைக்காக இப்போது வலியைப் பொறுப்பது என்ற ஒப்பந்தத்தில் அது கையெழுத்துப் போடவில்லை. ஆனால் இதே காரணத்தால் மறுபக்கமும் திறந்துதான் இருந்தது. நிம்மதியாகப் போகட்டும் என்பதும் எங்கள் எதிர்காலம்தான். அதற்கும் அது சம்மதம் சொல்லவில்லை. கருணைக் கொலை என்ற தொடரில் கருணை யார் பக்கம், கொலை யார் பக்கம் என்று பிரிப்பது சுலபமில்லை. அந்த ஊசி தவறென்று நான் சொல்லவில்லை. சில நாய்களுக்கு அதுதான் கடைசியாகச் செய்யக்கூடிய நல்ல காரியம். இந்த நாய் அவற்றில் ஒன்றா என்பது மட்டுமே கேள்வி. அதற்குத் தத்துவத்தில் பதில் இல்லை.

பதில் நோட்டில் இருந்தது என்று சொன்னால் மிகையாகப் படலாம். காலையில் மனைவி அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் மட்டும் ஆறாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது: 103.8, 103.2, 103, 102.8. கூடவே இருந்தவர்கள் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. ரத்தமும் வாந்தியும் கண்ணை மறைத்துவிட்டன. “பதினாலாம் நாள் வரைக்கும் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தான்னா நானே டாக்டர்கிட்ட சொல்றேன்” என்றாள். மருத்துவரிடம் தொலைபேசியில் நோட்டை வாசித்துக் காட்டினாள். அவரும் காத்திருப்பதில் தவறில்லை என்றார். நண்பரிடம் சொன்னபோது, “உனக்கு மனசு வரலே” என்றார். மனசு பற்றிய விஷயமாக அது இருக்கவில்லை. ஒரு டிகிரி பற்றிய விஷயமாக இருந்தது.

6

பன்னிரண்டாம் நாள் பதிவு ஒரே வரி: ‘தானாகத் தண்ணீர் குடித்தான்.’ பதினாலாம் நாள் தட்டணுக்கள் 41,000. பத்தொன்பதாம் நாள் கஞ்சியை மறுத்துவிட்டு, நாங்கள் சாப்பிட்ட மத்தி மீன் குழம்பு வாசனைக்கு எழுந்து சமையலறை வாசல் வரை வந்தது. முள் எடுத்து, காரம் கழுவி, ஒரு துண்டு கொடுத்தோம். தெருக்கோடி வீட்டுக்காரர் ஒருநாள் காம்பவுண்டுக்கு வெளியே நின்று, “டீச்சர், அது பொழச்சிடுச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் குரலில் ஏமாற்றமா விசாரிப்பா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. அவர் பேரனுக்கும் நாய்க்கும் நடுவில் எங்கள் கேட்டைச் சாத்தி வைக்கிறோம்.

28ஆம் நாள் கடைசி மாத்திரை. தட்டணுக்கள் 1,62,000. அன்று சாயங்காலம் கேட்டருகில் தன் பழைய இடத்துக்குப் போய்ப் படுத்தது. விமானம் தாழப் பறந்து போனபோது காதை மட்டும் தூக்கிப் பார்த்தது. நோட்டின் கடைசிப் பதிவை அப்புறம் பார்த்தேன்: ‘மாத்திரை முடிந்தது. சோறு முழுக்கச் சாப்பிட்டது. வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது.’

மறுபடி அஃறிணை. காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். “உடம்பு சரியாயிடுச்சில்ல” என்றாள்.

முழுவதும் சரியாகிவிட்டதா என்று சொல்ல முடியாது. இந்தக் கிருமி மருந்துக்குத் தப்பி மண்ணீரலில் மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில், வெளியே எதுவும் தெரியாமல் இருக்கக்கூடியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். காலண்டரை வாரம் ஒருமுறை கழற்றிப் பார்க்கிறோம். நோட்டில் பதினொரு பக்கம் பாக்கி இருக்கிறது.